வேடியப்பனுக்கு நான் போட்ட மூன்றாவது மனு

லாரி சங்கத்து ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் ஏழு லாரிக்கு முதலாளி ஆனது எப்படி என்று நாலு பேர் தெரிந்துகொள்ள வேண்டுமாம். எழுதலாம்தான். சர்க்கரை ஆலை யார்டில் கரும்புக் கட்டு தூக்கிய ஆதிகேசவன் திருத்தணி பைபாஸில் சொந்த ஆபீஸ் கட்டியது சின்ன விஷயம் இல்லை. அரக்கோணத்திலிருந்து கனகம்மாசத்திரம் வரை என் வண்டி நிற்காத கடைத்தெரு கிடையாது. ஆனால் அதையெல்லாம் போன மலரிலேயே எழுதிவிட்டேன், போட்டோவோடு. இந்தத் தடவை என் டிரைவர் வேடியப்பனின் வாழ்க்கையை எழுதுகிறேன். அதில் நானும் வருவேன். வரவேண்டிய அளவுக்கு மேலேயே வந்துவிட்டேன், அதுதான் விஷயம்.

வேடியப்பனுக்குத் திருவாலங்காடு பக்கம். அப்பன் கூலிக்குக் கரும்பு வெட்டினான், மகன் அந்தக் கரும்பை டிராக்டரில் இழுத்தான். இருபத்தாறு வயதில் என்னிடம் வேலை கேட்டு வந்து நின்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, குடிப்பாயா என்பது. இல்லை என்றான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இவன் சொன்னது இருபத்திரண்டு வருடமாக உண்மையாகவே இருந்தது. ஆள் எடுப்பதில் என் கண் தப்பாது. இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை அடித்துக்கொள்வான். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் தெலுங்கு, இந்தப் பக்கம் வந்தால் தமிழ், இரண்டிலும் அளவாகத்தான் பேசுவான். காலையில் வண்டி எடுக்குமுன் டயர் ஒவ்வொன்றையும் ஒரு கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பான். அவனிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்றே ஒன்று. செக்போஸ்ட் வந்தால் போலீஸ் கேட்பதற்கு முன்பே இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டிவிடுவான். நேரம் வீணாகிறதே, கேட்டால் காட்டு என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். "மூடிகினு உக்காந்திருந்தா அவுங்களுக்கு ஒரு சந்தேகம், நமக்கு ஒரு பயம். எதுக்கு மொதலாளி," என்பான்.

நான் அந்த ரகம் இல்லை. நான் பிழைத்த விதம் வேறு. ஆலையில் மூன்று ஷிப்டு. காலை ஷிப்டில் எடை மேடையில் நிற்கிற ஆள், கட்டில் சோகை, அதாவது காய்ந்த தோகை, அதிகம், கரும்பு காய்ந்துவிட்டது என்று என் வண்டியைத் திருப்பி அனுப்புவான். மற்ற வண்டிக்காரர்கள் கெஞ்சுவார்கள், சண்டை போடுவார்கள். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வண்டியை வெளியே எடுத்துப் புளியமரத்து நிழலில் நிறுத்துவேன். இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும். புது ஆளிடம் அதே வண்டி, அதே கரும்பு, புது டோக்கன். காலையில் திருப்பியதை அவனிடம் யார் சொல்லப் போகிறார்கள்? எடை போட்டுச் சீட்டு வந்துவிடும். ஆலையின் பெயர் வேண்டாம், முப்பது வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். ஒரு ஜன்னலில் இல்லை என்றால் அடுத்த ஜன்னல். இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் நான் ஏழு லாரி வாங்கினேன். பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வேடியப்பனின் சம்சாரம் கௌரியம்மாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள், அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தாள். இங்கிலீஷைக்கூட எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். நாற்பது வயது தாண்டியதும் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் ரயிலேறிப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். மகள் அனுசுயாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவளுடைய ரத்தமும் சேரவில்லை. வேடியப்பனுடையது சேர்ந்தது. ஒரு கிட்னியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். சென்னை ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு டெஸ்டாக முடித்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் நேரில் உட்காரவைத்து விசாரிக்க ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழுவைப் பார்த்துவிட்டால் ஆபரேஷன். தை கடைசியில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பொங்கல் கழிந்த எட்டாம் நாள் மதனப்பள்ளியிலிருந்து தக்காளி ஏற்றி வந்தான். கூட வந்த லோடுமேன் துரைக்கண்ணு, டீ குடித்துவிட்டு பஸ்ஸில் வருகிறேன் என்று எல்லைக்கு முன்னாலேயே இறங்கிவிட்டான். வேடியப்பன் வழக்கம்போல் செக்போஸ்டில் தானே இறங்கித் தார்ப்பாயைத் தூக்கினான். பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு கோணி மூட்டை. கஞ்சா. எடை போட்டு இருபத்திரண்டு கிலோ என்று எழுதினார்கள். துரைக்கண்ணு டீக்கடையிலிருந்து இன்றைக்கு வரை திரும்பி வரவில்லை. வேடியப்பன் புழல் ஜெயிலுக்குப் போனான்.

கஞ்சா இருபது கிலோவுக்கு மேல் போனால் ஜாமீன் பேச்சே எடுக்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வக்கீல் சந்திரமோகனைப் பிடித்தேன். வயதானவர், நிதானமானவர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் ஒரு விஷயம் சொன்னார். இருபத்திரண்டு கிலோ என்பது கோணியோடு, காம்போடு, விதையோடு சேர்த்துப் போட்ட எடை. அதெல்லாம் கழித்த நிகர எடை இருபதுக்குக் கீழே வந்தால் கேஸின் கனமே குறைந்துவிடும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சோகை கழித்து எடை போடுவதிலேயே வளர்ந்தவன் நான்.

கீழ்க் கோர்ட்டில் தர மாட்டார்கள் என்று தெரிந்தே போட்டோம், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐகோர்ட்டில் மாசி மாதம் முதல் மனு. தள்ளுபடி. பங்குனியில் இரண்டாவது மனு, கிட்னி விஷயத்தையும் எழுதி. அதே நீதிபதி. அரைமணி நேரம் கேஸ் கட்டைப் புரட்டிப் படித்தார். அதுவும் தள்ளுபடிதான். ஆனால் அவர் ஒன்று சொன்னதாகச் சந்திரமோகன் வெளியே வந்து என்னிடம் சொன்னார். நிகர எடை போட்ட ஆய்வக அறிக்கை வரட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து குழுவின் கடிதமும் வரட்டும், வந்ததும் இதே கோர்ட்டில் என்னிடமே போடுங்கள், இந்தக் கட்டை நான் முழுவதும் படித்துவிட்டேன் என்று.

சந்திரமோகனுக்கு அது பாதி ஜெயித்த மாதிரி. எனக்குத் தோற்ற மாதிரி. அறிக்கை எப்போது வரும் என்று கேட்டேன். அது வருகிறபோது வரும் என்றார். குழுவோ, கொடுக்கிற ஆள் நேரில் வராமல் கடிதம் தர மாட்டோம் என்றது. கௌரிக்குக் கால் வீங்கிக்கொண்டே போனது. ரயிலில் ஏறும்போது இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. என் காரையே அனுப்பினேன், ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

மே மாதம் கோர்ட்டுக்கு லீவு. அந்த லீவில் அவசர மனுக்களைக் கேட்க வேறு நீதிபதிகள் உட்காருவார்கள் என்று ஒரு லாரி புரோக்கர் சொன்னான். வேறு ஆள். எனக்குப் புளியமரம் ஞாபகம் வந்தது.

சந்திரமோகனிடம் போய் லீவு கோர்ட்டில் போடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். போடலாம், ஆனால் முன்பு போட்ட இரண்டு மனுவையும் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினால் அவர்கள் பழைய நீதிபதியிடமே போகச் சொல்வார்கள், அதுதான் முறை என்றார். எழுதாமல் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஆதிகேசவன், ஒரு ஜட்ஜ் இல்லன்னு சொன்னத மறைச்சு இன்னொரு ஜட்ஜ்கிட்ட வாங்குனா, அது ஜாமீன் இல்ல. திருட்டு. உங்க ஆளுக்கு இப்ப ஒரு கதவு தொறந்திருக்குது. அதை நீங்களே சாத்திடாதீங்க."

திருட்டு என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. நான் யாரிடமும் கைநீட்டாமல் மேலே வந்தவன். கட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். சென்னையில் இன்னொரு வக்கீல் கிடைத்தார். பெயர் எழுத மாட்டேன், எழுதுகிற தகுதி அவருக்கு இல்லை. அவர் என்னை ஒன்றுதான் கேட்டார், ஆபரேஷன் தேதி என்ன என்று. தேதி ஏது, குழுவே இன்னும் பார்க்கவில்லை என்றேன். தேதி இல்லாமல் அவசரம் என்று எப்படிச் சொல்வது என்றார். நானாகத்தான் சொன்னேன், ஜூன் ஐந்து என்று போட்டுக்கொள்ளுங்கள் என்று.

மனுவோடு சம்சாரம் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்துக்கொண்டு கௌரி வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேப்பரை வாங்கி விரலை வைத்துக்கொண்டு படித்தாள். எனக்குப் படிக்கிற ஆட்களைக் கண்டால் எப்போதும் கொஞ்சம் எரிச்சல்.

"சந்திரமோகன் சார் போட்டதுல மொத மனுவோட நெம்பர் மேலயே இருந்துச்சு நைனா. நான் டைரில எழுதி வெச்சிகினு இருக்கேன். இதுல எந்த நெம்பரும் காணோமே."

"அது தேவையில்லம்மா."

"நாலாவது பாராவுல இதுக்கு முன்ன மனுவே போடலன்னு இருக்குது."

"இருக்கட்டும்."

"தேதி அஞ்சுன்னு இருக்குது. ஆஸ்பத்திரில அப்பிடிச் சொல்லலியே."

நான் அவளுக்கு எடை மேடைக் கதையைச் சொன்னேன். காலை ஆள் திருப்பியது மதிய ஆளுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று கேட்டேன். உன் புருஷன் வெளியே வரணுமா வேண்டாமா என்றும் கேட்டேன். அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தமிழில், குண்டு குண்டாக, வே. கௌரியம்மாள் என்று எழுதினாள். அவ்வளவு அழகான கையெழுத்தை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

நாலாம் நாள் ஜாமீன் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு நான் நடந்த நடையே வேறு. பைபாஸ் டீக்கடையில் எல்லோருக்கும் என் செலவில் டீ. படித்த வக்கீலால் முடியாததை மூன்றாம் வகுப்பு முடித்தது என்றேன். புழல் வாசலுக்கு நானே காரெடுத்துப் போனேன். வேடியப்பன் இளைத்திருந்தான். திருவள்ளூர் தாண்டினோம். அப்புறம்தான் கேட்டான்.

"எப்பிடி மொதலாளி கெடச்சுது? அறிக்கை வந்துடுச்சா?"

ஷிப்டு மாற்றினேன் என்றேன். சிரித்துக்கொண்டே முழுவதையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"நான் தார்ப்பாய அவுத்துக் காட்டுனவன் மொதலாளி. அது ஒண்ணுதான் என் பக்கம் இருந்துச்சு. ஜட்ஜய்யா அதையும் படிச்சாருன்னு சந்திரமோகன் சார் ஜெயிலுக்கு வந்து சொன்னாரு. இப்ப நீங்க மூடி வெச்சிட்டீங்க."

மறுநாளே சந்திரமோகனிடம் போய் நடந்ததைக் கோர்ட்டில் சொல்லச் சொல்கிறேன் என்று கிளம்பினான். நான்தான் மறித்தேன். சொன்னால் திரும்ப உள்ளே போவாய், ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் அரிச்சந்திரன் ஆகிக்கொள் என்றேன். கௌரி உள்ளேயிருந்து இருமினாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனான். ஒரு மனுஷனை நான் ஜெயித்தேன் என்றால், அன்றைக்கு அவனைத்தான்.

நாலு மாதம் உள்ளே இருந்துவிட்டதால் டெஸ்ட் எல்லாம் முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. காலையில் ஜாமீன் நிபந்தனைப்படி போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினான். எல்லாம் சரியாக இருந்தது. குழு ஜூன் இருபத்தேழாம் தேதி வரச் சொன்னது. கௌரி அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். அந்தக் காலண்டர் என் லாரி ஆபீஸ் காலண்டர்தான், என் போட்டோ போட்டது.

ஜூனில் கோர்ட் திறந்தது. சர்க்கார் வக்கீல் பழைய கட்டையும் புதிய கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். ஆலையில் காலை ஷிப்டுக்கு ஒரு நோட்டு, மதிய ஷிப்டுக்கு ஒரு நோட்டு, இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காது. இங்கே எல்லாம் ஒரே கட்டு. கம்ப்யூட்டரில் ஆளின் பெயரைத் தட்டினால் மூன்று மனுவும் வரிசையாக வந்து நிற்கிறது. இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம் என்று எழுத வந்தேன். சந்திரமோகன் சொன்னார். கௌரியும் சொன்னாள்.

ஜாமீனை ரத்து செய்யச் சொல்லும் மனு, பழைய நீதிபதியிடமே வந்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு. என் சென்னை வக்கீல், கட்சிக்காரர் சொன்னதை எழுதினேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கௌரியை நாற்காலியில் வைத்துக் கொண்டுபோனோம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி இங்கிலீஷை விட்டுவிட்டு அவளிடம் தமிழில் கேட்டார்.

"இதுல எழுதியிருக்கறத படிச்சுப் பாத்துதான் கையெழுத்து போட்டீங்களா?"

"இல்லீங்க ஐயா. எனக்குப் படிக்கத் தெரியாது."

அவர் பேப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்குதே."

"பேர் மட்டும் எழுதத் தெரியும்ங்க."

"யாராவது போடச் சொன்னாங்களா?"

"நானேதாங்க போட்டேன்."

அங்கன்வாடியில் நூறு பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் காட்டியவள். நான் எழுந்து நின்றிருக்கலாம். கடைசி பெஞ்சிலிருந்து அவள் நாற்காலி பத்தடி தூரம்கூட இல்லை. பத்து மூட்டையை ஒரே மூச்சில் இறக்கிய கால் இது, அன்றைக்கு எழவில்லை. என் வண்டி, என் பெயர், என் ஆபீஸ், எல்லாம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் ஆபரேஷன் தேதி பேச்சு வந்தது. ஜூன் ஐந்து என்று எழுதியிருக்கிறதே, ஆயிற்றா என்றார். சர்க்கார் வக்கீல் ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீட்டினார். அப்படித் தேதியே குறிக்கவில்லை என்று அதில் இருந்தது. சென்னை வக்கீலின் ஜூனியர் ஒருவர் எழுந்து, ஐயா, இருபத்தேழாம் தேதி குழு என்றார். நீதிபதி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் சொன்னது உத்தரவிலும் இருந்தது, பல நாள் கழித்துச் சந்திரமோகன் அதைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார்: முதலில் ஐந்து என்றீர்கள், இப்போது இருபத்தேழு என்கிறீர்கள், இதில் எதை நம்பட்டும்? நான் இல்லை என்றதை மறைத்து இன்னொருவரிடம் ஆமாம் வாங்கலாம் என்றால், நாளைக்கு நான் ஆமாம் என்பதற்கும் மதிப்பில்லை, இல்லை என்பதற்கும் மதிப்பில்லை.

ஜாமீன் ரத்து. இருபதாம் தேதிக்குள் சரணடைய வேண்டும்.

அந்த நீதிபதியை நான் ரொம்ப நாள் திட்டினேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஊரெல்லாம் கேட்டேன். இப்போதும் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் உண்மையான தேதிக்கு முன்னால் பொய்த் தேதியைப் போட்டுவைத்தவன் நான். இருபத்தேழு என்று சொன்னபோது அது நிஜம். நிஜத்தை யாரும் நம்பாதபடி செய்துவிட்டுத்தான் நாங்கள் அதைச் சொன்னோம்.

இருபதாம் தேதி காலை வேடியப்பன் குளித்து, திருத்தணி மலைக்குப் போய் வந்து, கையில் ஒரு மஞ்சள் பையோடு கிளம்பினான். கௌரி அவனிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் காரில் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் மொதலாளி, பஸ்ல போய்க்கினு இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இருபத்தேழாம் தேதி கௌரி குழு முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்தாள். கொடுக்கிறவர் எங்கே என்று கேட்டார்களாம். வெளியூர் போயிருக்கிறார் என்றாளாம். அவர் வந்தபிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆடி மாதம், கிருத்திகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது செத்துப்போனாள். அந்த வாரம் ஊர் முழுக்கக் காவடி. அவளைத் தூக்கிக்கொண்டு போக எங்களுக்கு வழி கிடைக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனோம். வேடியப்பனைப் போலீஸ் காவலோடு அழைத்துவந்து இரண்டு மணி நேரம் விட்டார்கள். கொள்ளி வைத்தான். அழவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

ஆவணியில் அறிக்கை வந்தது. கோணி, காம்பு, விதை கழித்து நிகர எடை பதினெட்டு கிலோ சொச்சம்.

நான் சந்திரமோகனிடம் திரும்பிப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலாவது மனு போட ஒரு நிபந்தனை வைத்தார். முன்பு போட்ட மூன்றையும் நெம்பர், தேதி, முடிவோடு முதல் பக்கத்திலேயே எழுதுவார். மூன்றாவது மனுவைப் போடவைத்தது யார் என்று நானே பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அது நம் மேலேயே கேஸ் ஆகாதா என்றேன். "ஆங், ஆகலாம்," என்றார்.

போட்டேன். ஆதிகேசவன் என்று எழுதி முடிக்க நேரம் ஆயிற்று, அவ்வளவுதான். அதே நீதிபதி. முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். நிமிர்ந்து என்னைத் தேடிப் பார்த்தார். அன்றைக்கு முதல் பெஞ்சில் இருந்தேன். என்னைப் பற்றித் தனியாக விசாரிக்க உத்தரவு போட்டார், அது நடந்துகொண்டிருக்கிறது. வேடியப்பனுக்கு ஜாமீன் கொடுத்தார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தக் கதவு கடைசி வரை திறந்துதான் இருந்தது. அதற்குள்ளே போக வேண்டியவள்தான் இல்லை.

ஒரு வாரம் கழித்து வேடியப்பன் வீட்டுக்குப் போனேன். புது வண்டியின் சாவியை எடுத்துப் போயிருந்தேன். உனக்கே என்று முன்னால் வைத்தேன், சம்பளத்துக்கு இல்லை, சொந்தமாக. அவன் அதைத் தொடவில்லை. சுவரில் என் ஆபீஸ் காலண்டர் இன்னும் ஜூன் மாதத்திலேயே இருந்தது, இருபத்தேழில் வட்டத்தோடு.

"ரெண்டும் என்கிட்டயே இருக்குது மொதலாளி," என்றான். எனக்கு முதலில் புரியவில்லை. அவன் இடுப்பில் கை வைத்துக் காட்டினான். "குடுக்கறேன்னு எழுதிக் குடுத்தது. ரெண்டோடயும் உக்காந்துகினு இருக்கேன்."

அப்புறம் ஒன்று கேட்டான். தனக்கென்று ஒரு பொருளை என்னிடம் அவன் வாய்திறந்து கேட்டது இருபத்திரண்டு வருடத்தில் அதுதான். ஜாமீன் ரத்தானபின் வீட்டைச் சோதனை போட்ட போலீஸ் எடுத்துப்போன பொருட்களில் கௌரியின் டைரியும் போய்விட்டது. அவள் எழுத்து வீட்டில் எதுவும் இல்லை.

"கோர்ட்டுல ஒரு பேப்பர்ல அவ கையெழுத்து இருக்குதாம்ல. அதுக்கு ஒரு காப்பி மட்டும் வாங்கிக் குடுங்க."

நகல் கேட்டு மனுப் போட்டேன். நகல் பிரிவில் ஒரே ஜன்னல்தான். நான்கு தடவை போனேன், நான்கு தடவையும் அதே வரிசையில் நின்றேன். பக்கத்தில் ஒருவன், தெரிந்த ஆள் இருக்கிறார், இன்றைக்கே எடுத்துத் தருகிறேன் என்று வந்தான். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நகல் கிடைத்து இப்போது மூன்று மாதம் ஆகிறது. என் ஆபீஸ் மேஜை டிராயரில் இருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்த ஒரு பையனை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நாலாவது பாரா: இதற்கு முன் இந்த வழக்கில் ஜாமீன் மனு எதுவும் போடப்படவில்லை. ஆறாவது பாரா: ஜூன் ஐந்தாம் தேதி எனக்கு ஆபரேஷன். அதற்குக் கீழே, குண்டு குண்டாக, வே. கௌரியம்மாள். அவள் கையெழுத்து இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த இரண்டு பொய்க்குக் கீழேதான். அதை எப்படி எடுத்துக்கொண்டு போய் அவன் கையில் வைப்பேன்?

வேடியப்பன் இப்போது மார்க்கெட்டில் பூ மூட்டை இறக்குகிறான். கேஸ் நடக்கிறது. வழியில் பார்த்தால், வந்துடுச்சா மொதலாளி என்று கேட்கிறான். இன்னும் வரவில்லை என்று சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமைகூட அப்படித்தான் சொன்னேன்.

இந்த மலர் சங்கத்தில் பதிவான டிரைவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று போகும். அவன் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது, சந்தாவை நான்தான் கட்டிவருகிறேன். அவனுக்குப் படிக்கத் தெரியும்.